தாயின் கைவேலையும் தாயின் பெயரும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மேடையிலே சமயத்தைப் பற்றியும் கல்வியைப் பற்றியும் அறிஞர்கள் பேசி அமர்ந்தார்கள். நாம் பேசப் போவதோ கையால் தைத்த போர்வையின் பின்புறத்தில் வைக்க வேண்டிய ஒரு சாண் துணித் துண்டைப் பற்றி. இதைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். நகைப்பவர்கள் இறுதிவரை இருந்து கேட்டுவிட்டு நகைக்குமாறு வேண்டிக் கொள்கின்றோம்.

நம் வீட்டுப் பெட்டகத்திலே ஒரு போர்வை இருக்கின்றது. நான்கு பழஞ்சீலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே சிறு துண்டுகளைப் பொருத்தி, முழுவதும் கையாலேயே நூலோட்டித் தைத்தது. அதை அம்மம்மா தைத்தார் என்று அன்னையார் சொல்வார். இல்லை, அம்மம்மாவின் தாய் தைத்தார் என்று சின்னம்மா சாதிப்பார். இன்று அவ்விருவரும் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. போர்வையின் மூலையில் யாரோ பேனையால் ஏதோ எழுதியிருக்கின்றார்கள். நன்மை கருதியே எழுதியிருப்பார்கள். ஆனால் அந்த மை சவர்க்காரத்திற்கும் தண்ணீருக்கும் தோற்றுப் போயிற்று. எழுத்து இருந்த இடத்தில் இன்று நீலக் கறையொன்றே எஞ்சி நிற்கின்றது. துணி பிழைத்தது, பெயர் பிழைக்கவில்லை. இவ்வுரை பிறந்தது அந்தக் கறையிலிருந்துதான்.

அன்பர்களே, நம் மட்டக்களப்பு நாட்டின் தனிச் சிறப்பு யாது? இங்கே குடி தாய்வழியாக எண்ணப்பட்டு வந்தது. கோயில் உரிமைகளும் அக்குடி முறையை ஒட்டியே அமைந்தன. வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகச் சென்றன. அவற்றோடு பெட்டகமும், பெட்டகத்தில் இருந்த சீலையும் போர்வையும் தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் இறங்கின. இவ்வாறு தாயை முதலாக வைத்து எண்ணும் நாம், அம்மம்மாவின் தாயாரின் பெயரை அறிவோமா? இச்சபையில் உள்ள இளைஞர்களைக் கேட்கின்றோம். பூட்டனின் பெயரைக் காணியுறுதியிலே காட்டுவீர்கள். பூட்டியின் பெயரை எங்கே காட்டுவீர்கள்? அவர் கையெழுத்து எந்த உறுதியிலும் இல்லாதிருக்கலாம். அவர் கைத்தையல் மட்டும் ஒரு போர்வையில் இருக்கக்கூடும். அந்தத் தையலோடு பெயரும் சேர்ந்திருந்தால் அதுவே அவரது சாசனம்.

“செய்தவர் பெயரைப் பொறிப்பது தற்பெருமை அல்லவா?” என்று பெரியோர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கோயிலுக்குக் குழல் விளக்கொன்றைக் கொடுத்துவிட்டு, அதன் வெளிச்சமே மறையும் அளவுக்கு உபயகாரரின் பெயரைத் தீட்டி வைப்பதை நாமும் மெச்சுவதில்லை. ஆயினும் பெயர் பொறிப்பதில் வேறொரு வகையும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் இராசராசன் (ஆட்சி 985–1014), தான் கொடுத்தவற்றோடு, தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டிர் கொடுத்தவற்றையும், ஏனையோர் கொடுத்தவற்றையும் சேர்த்தே கல்லில் வெட்டுமாறு பணித்தான். அக்கோயிலில் பணிசெய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயர்களும், அவர்கள் எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும் அங்கே வெட்டப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டு சென்ற பின்னும் அப்பெண்களின் பெயரை நாம் வாசிக்கின்றோம். அதைத் தற்பெருமை என்று சொல்வார் யார்? செய்தவரைப் பெற்றவர் மறவாதிருப்பதற்குப் பெயர் நன்றி. போர்வையில் வைக்கும் பெயரும் அந்த இனத்தையே சேர்ந்தது.

நம் அண்டை நாட்டு உதாரணம் ஒன்று கூறுவோம். பழஞ்சீலைகளை அடுக்கித் தைக்கும் போர்வையை வங்காளத்தில் காந்தா என்பர். நாம் கிழிந்த துணிக்கு வழங்கும் கந்தை என்ற சொல்லும் அந்தச் சொல்லும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. வங்காளப் பெண்கள் பழஞ்சீலையின் கரையிலிருந்தே நூலை உருவி எடுத்து, அந்நூலால் யானையும் தாமரையும் தேரும் தைத்தார்கள். அவர்களில் மானதாசுந்தரி என்ற பெண்மணி தம் தந்தைக்காக ஒரு காந்தாவைத் தைத்தார். தம் பெயரையும், தந்தைக்காகத் தம் கையாலே தைத்தது என்பதையும் அத்துணியிலேயே எழுத்தாகத் தைத்து வைத்தார். நாட்டுக் கலைப் பொருள்களைத் தேடித் திரட்டிய குருசதய் தத் (1882–1941) அவர்களின் தொகுப்பில் அது சேர்ந்தது. அக்காலத்துக் காந்தாக்கள் பலவற்றைத் தைத்தவர் யாரென்று இன்று எவராலும் சொல்ல இயலாது. மானதாசுந்தரியை மட்டும் பெயர் சொல்லி அழைக்கின்றோம். அவர் ஊசி எழுதிய எழுத்தே காரணம்.

கடல் கடந்தும் ஒரு செய்தி. அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தில் 1837 இல் அடிமையாகப் பிறந்தவர் ஹரியற் பவர்ஸ். விடுதலை பெற்ற பின் விவிலியக் கதைகளைத் துணித் துண்டுகளால் உருவாக்கி ஒரு போர்வை தைத்தார். ஜெனி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைக் கண்காட்சி ஒன்றிலே கண்டு விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்க மறுத்தார். சில ஆண்டுகளின் பின் வறுமை வந்து சேர்ந்தது. ஐந்து டொலருக்கு அப்போர்வையைக் கொடுக்க நேர்ந்தது. கொடுத்தபோது ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் அவர் சொல்ல, ஆசிரியை எழுதி வைத்துக் கொண்டார். அப்போர்வை இன்று வாஷிங்ரன் நகரத்து அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அந்தக் குறிப்பு எழுதப்படாதிருந்தால், அதுவும் “செய்தவர் பெயர் தெரியாத பழம்போர்வை” என்ற வரிசையிலே சேர்ந்திருக்கும்.

நிற்க. பெயர் வைக்க வேண்டும் என்பதை ஒப்புக் கொண்டால், நிலைக்குமாறு வைப்பது எப்படி என்பது அடுத்த கேள்வி. இதிலே முன்னோர் செய்து பார்த்த இரண்டு வழிகளையும், அவற்றால் வந்த கேட்டையும் முதலில் அறிய வேண்டும்.

முதலாவது சேங்கொட்டை. இந்தியாவில் சலவைத் தொழிலாளர் இக்கொட்டையின் கரிய சாற்றால் துணியில் குறியிட்டுச் சுண்ணாம்பு வைப்பார்கள். அக்குறி எத்தனை வெளுப்புக்கும் அசையாது. புள்ளியும் கோடுமாக இடும் அக்குறியைக் கொண்டே எந்தத் துணி எந்த வீட்டுக்கு உரியது என்று அறிவார்கள். ஆனால் சேங்கொட்டைச் சாறு தோலைப் புண்ணாக்கும் தன்மையது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களுக்குச் சட்டையில் சலவைக் குறி பட்ட இடமெல்லாம் தடித்துக் கொப்புளித்தது. 1943 இல் அந்நாட்டு மருத்துவர்கள் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பெயர் நிலைக்கும், ஆனால் போர்த்தவரின் தோல் வேகும். குழந்தைக்குப் போர்த்தும் துணியில் அதை வைக்கலாகாது.

இரண்டாவது கடுக்காய் மை. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியும் சேர்ந்தால் நல்ல கறுப்பு மை பிறக்கும். மேல்நாட்டிலும் மரக்காய்களின் துவர்ப்பையும் இரும்புப்பையும் சேர்த்து இத்தகைய மையையே பன்னெடுங்காலம் ஆண்டார்கள். அது கெட்டியாகப் பற்றும் என்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள புளிப்பும் இரும்பும் பருத்தி இழையைச் சிறிது சிறிதாக அரித்துவிடும். ஈரக் காற்று அவ்வரிப்பை விரைவுபடுத்தும். அமெரிக்காவில் 1840 முதலான ஆண்டுகளிலே பலர் சேர்ந்து தத்தம் பெயரை எழுதிப் போர்வை தைத்துப் பரிசளிக்கும் வழக்கம் பரவியது. அவற்றுள் இவ்வகை மையால் எழுதியவை சில, எழுத்து இருந்த வடிவிலேயே ஓட்டையாகிப் போயின. பெயரே துணியைத் தின்றுவிட்டது என்று சொல்லலாம்.

ஆகவே நமக்கு வேண்டிய பெயர்த்துண்டுக்கு மூன்று இலக்கணம் உண்டு. நீரில் கரையக் கூடாது. உடலை வருத்தக் கூடாது. துணியை அரிக்கக் கூடாது. கடைக்காரர் லேபல் என்பதையே நாம் பெயர்த்துண்டு என்கின்றோம்.

இம்மூன்றுக்கும் பொருந்தும் முதல் வழி ஊசியும் நூலுமே. வெள்ளை அல்லது சந்தன நிறத்துப் பருத்தித் துணியில், நெருக்கமான நெசவாகப் பார்த்து, ஏறத்தாழ ஆறங்குல நீளமும் நான்கங்குல அகலமும் கொண்ட துண்டொன்றை வெட்டுக. நம் அயலூரான மருதமுனையின் கைத்தறித் துணியே இதற்குப் போதும். வெட்டுமுன் துணியை வெந்நீரில் நனைத்து உலர்த்தி எடுக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிட்டால் முதற் சலவையிலேயே பெயர்த்துண்டு சுருங்கிப் போர்வையையும் சேர்த்து இழுத்துவிடும். கஞ்சியும் போக வேண்டும்; கஞ்சி இருக்கும் இடத்தைப் பூச்சி தேடி வரும்.

நூலையும் சோதிக்க வேண்டும். சிறிது நூலைச் சவர்க்காரம் கலந்த வெந்நீரில் ஊறவிட்டு, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துக. நிறம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம். எழுத்தைப் பென்சிலால் மெல்ல வரைந்து, ஆறிழை நூலில் இரண்டிழையைப் பிரித்தெடுத்து, பின்தையலால் அல்லது காம்புத் தையலால் தைக்கலாம். தமிழ் எழுத்து வளைவு மிகுந்தது. ஆதலால் அரை அங்குல உயரத்துக்குக் குறையாமல் எழுதுக. இங்கே ஓர் எச்சரிக்கை. மெய்யெழுத்தின் புள்ளியை மறவாதீர்கள்! புள்ளியை முடிச்சுத் தையலாக இட்டு, பின்புறத்தில் நன்றாகக் கட்டிவிட வேண்டும். பழைய ஏட்டுச் சுவடிகளில் புள்ளியிடும் வழக்கம் இல்லாமையால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். புள்ளி உதிர்ந்தால் நம் வள்ளியம்மை அக்காவும் “வளளியமமை” ஆகிவிடுவார்.

தைக்கப் பொறுமை இல்லாதவர்க்கு இரண்டாம் வழி மை. மை இருவகை. ஒன்று சாயம், அது சீனியைப் போல் நீரில் கரைந்து நிற்பது. மற்றொன்று நிறப்பொடி, அது கரையாத நுண்ணிய தூளாக இழைக்குள் தங்குவது. ஏட்டிலே எழுத்தாணியால் கீறிய கோட்டில் கரியும் எண்ணெயும் தேய்த்தார்களே, அந்தக் கரி நிறப்பொடி இனத்தது. அது வெயிலுக்கு வெளிறுவதில்லை. ஆதலால் நூற்றாண்டுகள் சென்றும் எழுத்துத் தெரிகின்றது. குமிழ்முனைப் பேனையும் சாதாரண மார்க்கர் பேனையும் துணிக்கு உரியன அல்ல. முந்தியது அழியும், பிந்தியது நாளடைவில் சுற்றிலும் மஞ்சளாகப் படரும். கணினியில் அச்சடித்த துண்டும், அதன் மை சாய மையாக இருந்தால், தண்ணீர் பட்டதும் ஓடிவிடும். பசையால் ஒட்டும் துண்டுகளின் பசை பழுத்து உரிந்துவிடும். துணிக்கென்றே விற்கும் நிறப்பொடி மைப் பேனையைக் கேட்டு வாங்குக. துணியின் கீழே மரவேலைக்குரிய மண்கடதாசியை வைத்துக் கொண்டால் துணி வழுக்காது. மெதுவாக எழுதி, ஒரு நாள் காயவிட்டு, பேனையோடு வரும் குறிப்பு சொல்லுமாயின் மேலே ஒரு துணி போட்டு ஸ்திரிக்கைப் பெட்டியால் சூடு காட்டுக.

எந்த வழியானாலும் துண்டு இரண்டு செய்யுங்கள். ஒன்றை வீட்டு உடுப்போடு சேர்த்து ஒரு மாதம் துவையுங்கள். மற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்து, குறைவு இல்லையென்று கண்ட பின்னரே போர்வையில் அந்த முறையைக் கையாளுங்கள். கடைக்காரர் சொல்லை நம்புவதிலும் நம் கிணற்றுத் தண்ணீரை நம்புவது நன்று.

எங்கே வைப்பது? மேல்நாட்டார் கீழ் மூலையில் வைப்பர். நமக்கு அது பொருந்தாது. எழுத்து சரஸ்வதியின் உருவம் என்று கருதுபவர்கள் நாம். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொள்கின்றோம். கதிர்காமத்திலே திரைச்சீலையையே முருகனாகக் கண்டு கும்பிடுகின்றோம். ஆதலால் பெயர்த்துண்டைத் தலைமாட்டுப் பக்கத்தில், பின்புற மூலையில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் போர்வையின் தலைப்பக்கம் எதுவென்பதும் இருட்டிலே கைக்குத் தெரியும். தெய்வத் திருநாமத்தையும் பிரணவத்தையும் போர்வையில் எழுதாதிருப்பது நல்லது. அழுக்கு நீரிலே துவைக்கும் பொருள் அல்லவா?

புதுப் போர்வையானால், அடுக்குகளைச் சேர்த்து நூலோட்டுவதற்கு முன்னரே பெயர்த்துண்டை அடித்துணியில் தைத்துவிடுக. பிறகு போர்வை முழுவதும் ஓடும் தையல் அதன் ஊடாகவும் ஓடும். போர்வையைக் கிழிக்காமல் பெயரைப் பிரிக்க எவராலும் இயலாது. பழைய போர்வையானால் இவ்வாறு செய்யலாகாது. நைந்த துணி ஊசியைத் தாங்காது. உறுதியான மடிப்புள்ள ஓரத்தைப் பார்த்து, இடைவெளி விட்டு, மெல்லிய நூலால் பொருத்துக. அதுவும் தாங்காதெனின், போர்வையை வைக்கும் துணிப்பையில் தைத்துவிடலாம்.

இனி, என்ன எழுதுவது? தலையெழுத்து மட்டும் போதாது. “க. பொ.” என்றால் ஐம்பது ஆண்டுக்குப் பின் யார் அறிவார்? தைத்தவரின் முழுப் பெயர், ஊர், யாருக்காகத் தைத்தது, யாருடைய சீலைகளால் தைத்தது, எந்த ஆண்டு என்பவற்றை எழுதுக. ஆண்டைக் கட்டாயம் இலக்கத்தில் எழுதுக. நம் ஆண்டுப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. “விசுவாவசு வருடம் தைத்தது” என்றால் 1965 இல் பிறந்த விசுவாவசுவா, 2025 இல் பிறந்த விசுவாவசுவா என்று பேரப்பிள்ளை மயங்குவான். இடமிருந்தால் “குளிர்ந்த நீரில் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும்” என்று ஒரு வரி சேர்க்கலாம்.

பெயர்த்துண்டு நிலைக்கப் போர்வையும் நிலைக்க வேண்டும். ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் வாவியுமாக இருக்கும் நம் எழுவான்கரையிலே உப்புக் காற்றும் ஈரமும் ஓயாத பகைவர். மாரி கழிந்ததும் ஆண்டுக்கொரு முறை பெட்டகத்தைத் திறந்து, போர்வையை நிழற்காற்றில் விரித்து, பழைய மடிப்பு விழுந்த இடத்தில் மீண்டும் விழாமல் மாற்றி மடித்து வைக்க வேண்டும். ஒரே மடிப்பு பல ஆண்டு இருந்தால் துணி அக்கோட்டிலேயே அறும்.

சபையோர்களே, இவ்வளவு விரிவாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு அடித்த சூறாவளியைப் பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் போரும் இடப்பெயர்வும் வந்தன. 2004 டிசம்பர் 26 காலையிலே கடல் ஊருக்குள் புகுந்தது. எத்தனை பெட்டகங்கள் போயின! எத்தனை புகைப்படங்கள், உறுதிகள், சீலைகள் போயின! உயிரே போன இடத்தில் துணிக்கு அழுவதா என்று கேட்கலாம். ஆனால் உயிர் போனவரை நினைப்பதற்கு அவர் தொட்ட பொருளொன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, அது இல்லாதவர்களே அறிவார்கள். எஞ்சியிருப்பவை சில. அச்சிலவற்றையாவது பெயரற்றவையாக விட்டுவிடலாகாது.

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கின்றோம். இந்த ஆண்டிலே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு அம்மம்மாவிடம் அல்லது அப்பம்மாவிடம் சென்று அமருங்கள். பெட்டகத்தில் உள்ள கைவேலை ஒவ்வொன்றையும் எடுத்து, “இது யார் செய்தது? எப்போது செய்தது? யாருக்காகச் செய்தது?” என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதியதைத் துணியில் ஏற்றுங்கள். ஊசி பிடிப்பது பெண் வேலை என்று நாணாதீர்கள். நம் தையற்கடைகளில் இருந்து தைப்பவர்கள் ஆண்களே அல்லவா? தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். “என் பெயர் எதற்கு?” என்று மறுக்காதீர்கள். நீங்கள் பிள்ளைக்குக் கொடுக்கும் போர்வையில் உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.

நம் வீட்டுப் போர்வைக்கும் இவ்வாண்டு ஒரு பெயர்த்துண்டு தைத்தோம். அதிலே பொய் எழுத மனம் வரவில்லை. “அம்மம்மா தைத்தது, அன்றேல் அவர் தாயார் தைத்தது. பெரியகல்லாறு” என்று எழுதி, அறிந்த பெயர்கள் இரண்டையும் கீழே தைத்தோம். நீலக் கறையை அகற்றவில்லை. அதன் பக்கத்திலேயே துண்டை வைத்தோம். நமக்கு நேர்ந்த இந்த ஐயம் நம் பேரப்பிள்ளைகளுக்கு நேராதிருப்பதாக.